கையில் பிள்ளை

அத்தை ஒரு காலில் செருப்பை மாட்டிக்கொண்டு, இன்னொரு காலை வாசற்படிக்கு உள்ளேயே வைத்தபடி மறுபடியும் கேட்டாள். "புள்ளைய எடுத்துக்குவீங்களா மாப்ள?" கீழே மச்சினன் வண்டியை அணைக்காமல் உறுமவிட்டுக்கொண்டிருந்தான். மாமனாருக்குச் சர்க்கரை இறங்கித் தோட்டத்தில் மயங்கி விழுந்துவிட்டாராம், கண்ணைத் திறந்து பார்க்கிறாராம், ஆனால் பேச்சில்லையாம். போகாதீர்கள் என்று எப்படிச் சொல்வது? எடுத்துக்குவனுங்க அத்தை, நீங்க போங்க என்றேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கைகளைத்தான் பார்த்தாள். வழக்கம்போல முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தேன். "கோகிலா பரிச்ச முடிஞ்சு மத்தியானச் சோத்துக்கு வந்துருவா. பால் பிரிட்ஜுல ரெண்டு கிண்ணத்துல இருக்குது. சுடுதண்ணிக்குள்ள வெச்சு எடுங்க, அடுப்புல வெச்சறாதீங்க." சரிங்க. "அழுதா எடுத்து நெஞ்சோட போட்டுக்கோங்க. உங்க புள்ளதான?" அந்தக் கடைசிக் கேள்வி தரையில் கிடந்தது. அவள் படியிறங்கிப் போய்விட்டாள். வண்டிச் சத்தம் தெருமுனையில் திரும்பித் தேய்ந்தது. கதவைச் சாத்தினேன். இப்போது இந்த வீட்டில் நானும் மகிழினியும் மட்டும். மூன்று மாதத்தில் இப்படி ஒருமுறைகூட நடக்காமல் பார்த்துக்கொண்டேன். ஒருமுறைகூட.

தொட்டிலில் தூங்குகிறாள். கோகிலாவின் பழைய பச்சைச் சேலை, உத்தரத்துக் கொக்கி, நடுவில் ஒரு கட்டை. கொக்கியை நான்தான் மாட்டினேன், அதனால் அது கழன்று விழும். ஸ்டூல் போட்டு ஏறி இழுத்துப் பார்த்தேன், உறுதியாக இருக்கிறது. இறங்கினேன். இழுத்ததில் தளர்ந்திருந்தால்? மறுபடி ஏறினால் இன்னும் தளரும். ஸ்டூல் அவள்மேல் சாயும். ஸ்டூலை எடுத்துப்போய்ச் சமையலறையில் வைத்தேன். அங்கே கத்தி இல்லை. அது எங்கே என்று கோகிலா ஒரு வாரமாகத் தேடுகிறாள், அருவாமனையை மட்டும் வைத்துக் காய் நறுக்குகிறாள். கத்தியைத் தினத்தாளில் சுற்றிப் பரணில் அண்டாவுக்குப் பின்னால் போட்டது நான். அருவாமனை இருக்கிறதே. அதைப் பார்க்காமல் திரும்பினேன். பார்த்தால் படம் வரும். பார்க்காவிட்டாலும் வரும். வந்தது. நான் விரும்பி வரவழைப்பதில்லை, சாலையில் போகும்போது கண்ணில் விழும் தூசிபோல விழுகிறது. என் கை, அவள் கழுத்து, அருவாமனை. அரை நொடிதான். எந்த அப்பனுக்கு இப்படித் தோன்றும்? தோன்றுகிறது என்றால் உள்ளே எங்கோ இருக்கிறது என்றுதானே அர்த்தம். இருப்பதுதானே வெளியே வரும். கைபேசியில் ஒரு டாக்டர் பேசியதைக் குளியலறையில் சத்தமில்லாமல் கேட்டிருக்கிறேன். இந்த எண்ணங்கள் வருகிறவர்கள் இதைச் செய்கிறவர்கள் அல்ல, செய்துவிடுவோமோ என்று நடுங்குகிறவர்கள், இது ஒரு நோய், மருந்து உண்டு என்றார். கேட்டு முடித்ததும் நெஞ்சில் ஒரு குளிர்ச்சி. முகம் கழுவி, துண்டில் துடைத்து, வெளியே வருவதற்குள் அடுத்தது வந்துவிட்டது. அவர் சொன்னது நடுங்குகிறவர்களைப் பற்றி. நான் நடுங்குவதுபோல் நடிக்கிறவனாக இருந்தால்?

பால்கனிக் கதவு. இரண்டாவது மாடி. பூட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தேன், பூட்டியிருக்கிறது. சாவி என் கையில். சாவி என் கையில் இருந்தால் பூட்டி என்ன பயன்? அதை அலமாரிமேல் வைத்தேன். எடுக்கத் தெரிந்தவனுக்கு அலமாரி ஒரு தூரமா? கடைசியில் வாசல் கதவுக்குக் கீழே இருக்கும் இடுக்கு வழியாக வெளியே தள்ளிவிட்டேன். கல் தரையில் கிணுங்கென்று சத்தம் கேட்டது. கொஞ்சம் மூச்சு வந்தது. ரங்கசாமி அண்ணன் பார்த்தால் சிரிப்பார். அவர் எப்போதும் சிரிக்கிறவர்தான். மின்வாரியத்தில் சேர்ந்த புதிதில் அவரோடுதான் லைனுக்குப் போவேன். ஒரு மழை சாயங்காலம் பெருந்துறைப் பக்கம் கம்பத்தில் வேலை முடித்து இறங்கி, டீக்கடைக்கு வந்து என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் போய் டிரான்ஸ்பார்மரில் பியூஸைப் போட்டு மின்சாரம் கொடுத்தேன். போட்ட கணத்தில் அவர் கம்பத்தில் இருக்கிறார் என்று தோன்றியது. ஓடிவந்து பார்த்தேன், டீ குடிக்கிறார். திரும்பி நடந்தேன், டீ குடித்தவர் வேறு யாரோ என்று தோன்றியது. மறுபடி ஓடிவந்தேன். "என்றா நல்லசிவம், எதையாச்சும் தொலச்சுட்டியா?" என்றார். ஆமாங்கண்ணா என்றேன். பிறகு பில் கட்டும் கவுண்டருக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டேன். கவுண்டரில் யாரையும் கொல்ல முடியாது. கல்யாணம் ஆனபோது கோகிலா கேட்டாள், லைன்ல சம்பளம் சேத்தி வருமாமே, ஏங்க விட்டீங்க? முதுகு வலி என்றேன். அவள் அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் எனக்கு முதுகில் எண்ணெய் தேய்த்துவிடுகிறாள். இல்லாத வலிக்கு அவள் கை அழுத்த அழுத்த நான் கண்ணை மூடிக்கொள்வேன்.

அழுகிறாள். முதலில் முனகல், பிறகு தொட்டில் சேலை அசைவது, பிறகு முழுக்குரல். எழுந்து போய் நின்றேன். கைகள் தாமாகவே முதுகுக்குப் போயின. அவள் முகம் சிவந்து, வாய் திறந்து, பல்லில்லாத ஈறு தெரிந்தது. கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி வைத்துக்கொண்டு அழுவாள், எனக்கும் அப்படி ஒரு பழக்கம் இருந்ததாக அம்மா சொல்வாள். உன்னை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று உனக்குத் தெரியுமா சாமி? மாடியில் காயும் உன் துணிகளை நான்தான் தினமும் எடுத்துவருகிறேன். எடுத்ததும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று அதில் முகத்தைப் புதைத்துக்கொள்வேன். துணியை எடுக்கலாம், துணிக்கு உச்சிக்குழி கிடையாது. உன் தலையில் அந்த இடம் துடிப்பதைப் பிறந்த அன்றே பார்த்தேன், நர்ஸ் கொண்டுவந்து நீட்டினாள், என் பெருவிரல் அந்தக் குழிக்குள் அமுங்குவது அப்படியே கண்ணில் தெரிந்தது. கையை இழுத்துக்கொண்டேன். அத்தை வாங்கிக்கொண்டாள். பத்து நாள் கழித்துச் சுவருக்கு அந்தப் பக்கம் அத்தை யாரிடமோ சொன்னது கேட்டது, பொட்டப்புள்ளைன்னு மாப்ளைக்கு மனசே இல்லை, தொடக்கூட மாட்டீங்கறாரு. நான் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். எழுந்துபோய் இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அப்புறம் எதற்காக என்று கேட்பார்கள். பொட்டப்புள்ளையைப் பிடிக்காதவன் என்பது ஊரில் நடமாட்டமுள்ள கெட்ட பெயர். இன்னொன்றுக்குப் பெயரே இல்லை. சோற்றைப் பிசைந்து தின்றேன்.

கதவைத் தட்டினார்கள். "தம்பி, உங்க வூட்டுச் சாவி வெளிய கெடக்குது." எதிர்வீட்டு மும்தாஜ் அக்கா. திறந்தேன். கல்யாணத்துக்குப் போகிற புடவை, தலையில் மல்லிகை, கையில் பரிசுப்பொருள் சுற்றிய பை. "என்ன தம்பி, பாப்பா இந்த அழுவ அழுவுது, ஆருமில்லையா?" அத்தை போனதைச் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே வேறொன்றும் வாய்வரை வந்துவிட்டது. "அக்கா, கொஞ்ச நேரம் புள்ளைய நீங்க வெச்சுக்கறீங்களா? கோகிலா வர்ற வரைக்கும்." என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோல் இருந்தது. அவள் பையைக் கீழே வைத்துவிட்டு உள்ளே வந்தாள், ஒரு நொடி எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். தொட்டிலிலிருந்து அள்ளி எடுத்தாள், முத்தம் கொடுத்தாள், திரும்பி என் நெஞ்சில் சாத்திவிட்டாள். நான் தடுப்பதற்குள் பிள்ளை என் கையில். "பவானியில நிக்காஹ் தம்பி, கீழ ஆட்டோ நிக்குது. இல்லாட்டி வெச்சுக்க மாட்டனா? பயப்படாதீங்க, எங்கூட்டுக்காரரும் மொதல்ல இப்படித்தான் வெறகு புடிக்கிற மாதிரி புடிப்பாரு. பழகிக்கும்." அப்படியில்லை அக்கா என்றேன். எப்படி என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. அவள் சிரித்துக்கொண்டே, சாவியை என் சட்டைப்பையில் போட்டுவிட்டுப் போனாள். பால்கனிச் சாவி நெஞ்சோரம், பிள்ளை நெஞ்சில். இதற்குத்தான் வெளியே தள்ளினேனா?

அவளைப் பாயில் கிடத்தினேன். விரலை ஒவ்வொன்றாக விடுவித்து, கையை அவள் தலைக்கடியிலிருந்து உருவி எடுத்தேன். பசி. காலை கோகிலா போகும்போது கொடுத்தது. சுடுதண்ணீர் வைத்து, ஆறவிட்டு, ஒரு கிண்ணத்தை அதற்குள் வைத்து, பால் புகட்டும் பாலாடையைக் கொதிநீரில் அலசி எடுத்து வைத்தேன். எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தேன். அப்போதுதான் சிங்குக்குக் கீழே பினாயில் பாட்டிலைப் பார்த்தேன். காலையில் நான்தான் வீடு துடைத்தேன். கை கழுவினேனா? கழுவினேன். சோப்புப் போட்டா? போட்டுத்தான். அந்தக் கழுவல் இன்றைக்கு நடந்ததா, நேற்றைக்கா? இன்றைய ஞாபகம்போல் இருப்பது நேற்றையது என்றால்? முகர்ந்து பார்த்தேன். விரலில் ஒரு வாசனை இருந்தது. சோப்பா, பினாயிலா, பயமா தெரியவில்லை. அடுத்தது இன்னும் மோசமாக வந்தது. கை பட்டதால் அல்ல, நானே பாட்டிலைத் திறந்து ஒரு சொட்டு ஊற்றியிருந்தால், ஊற்றியதை மனம் எனக்குக் காட்டாமல் மறைத்திருந்தால்? பாட்டிலின் மூடி இறுக்கமாக இருந்தது. இறுக்கியவனும் நான்தானே. கிண்ணத்தைச் சிங்கில் கவிழ்த்தேன். வெள்ளையாக வழிந்து ஓட்டைக்குள் போனது. கோகிலா நேற்றிரவும், இன்று காலையிலும், சுவரைப் பார்த்து உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு பீய்ச்சி எடுத்தது. தண்ணீர் விட்டு அலசினேன். பாயில் அழுகை மேலும் உயர்ந்தது, மூச்சு வாங்கி வாங்கி அழுதாள்.

இன்னொரு கிண்ணம்தான் இருக்கிறது. அதையும் கொட்டினால் கோகிலா வரும்வரை ஒன்றுமில்லை. கைகளை முழங்கைவரை தேய்த்துக் கழுவினேன், தோல் எரிந்தது. பினாயில் பாட்டிலை வாசலுக்கு வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன், அதைத் தொட்டதால் மறுபடி கழுவினேன். அந்தக் கிண்ணத்தைச் சுடுதண்ணீருக்குள் வைத்து எடுத்தேன். எடுத்துக்கொண்டு வரும் நான்கு எட்டுக்குள் மறுபடி அதே சந்தேகம், வார்த்தை மாறாமல். கொடுத்தால் கொல்வேன், கொடுக்காவிட்டால் பட்டினி போடுவேன். நடுச் சமையலறையில் கிண்ணத்தோடு நின்றேன். யாருக்காவது போன் செய்யலாம். கோகிலாவின் போன் பரீட்சை ஹாலுக்கு வெளியே ஏதோ பையில் அணைந்து கிடக்கும். அத்தைக்குச் செய்தால், மயங்கிக் கிடக்கும் மனிதர் பக்கத்தில் நிற்கிறவளிடம் என்ன சொல்வேன், நான் விஷம் வைத்தேனா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை அத்தை என்றா? பாலாடையில் ஊற்றி நானே குடித்தேன். லேசான இனிப்பு, நீர் சேர்த்த பசும்பால்போல. கோகிலாவின் பால். வெட்கமாகவும் அழுகையாகவும் வந்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, எனக்கு ஏதாவது ஆகிறதா என்று காத்திருந்தேன். தொண்டை எரிகிறதா? எரிவதுபோல் இருந்தது. வயிறு? என் மகள் பசியில் கத்திக்கொண்டிருக்க, அவள் பாலைக் குடித்துவிட்டு, சாவேனா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இந்த ஒரு காட்சியை வெளியே நின்று யாராவது பார்த்தால் என்ன சொல்வார்கள்? பார்த்தால் தேவலை என்று இருந்தது. யாராவது ஜன்னல் வழியாகப் பார்த்து, டேய் எழுந்திரு, அவளுக்குக் கொடு என்று அதட்டினால், அந்த அதட்டலின் பொறுப்பில் கொடுத்துவிடுவேன்.

யாரும் அதட்டவில்லை. அழுகைதான் நின்றது. நின்றதும் பாய்ந்து ஓடினேன். அழுது அழுது களைத்து, விக்கி விக்கி, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னத்துக் கண்ணீர் காதுக்குள் போயிருந்தது. சம்மணம் போட்டு உட்கார்ந்து மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டேன். சந்தேகம் போகவில்லை, அது போகிற வரைக்கும் காத்திருந்தால் இவள் பெரியவளாகிவிடுவாள் என்று மட்டும் தோன்றியது. பாலாடையின் மூக்கை உதட்டோரம் வைத்தேன். சப்புக்கொட்டிக்கொண்டு குடித்தாள். இன்னொன்று. இன்னொன்று. கை தவறி மூன்றாவதோ நான்காவதோ ஒரேயடியாகச் சரிந்து வாய்க்குள் போய்விட்டது. புரை ஏறிற்று. ஒரு இருமல், அப்புறம் சத்தமே இல்லை. வாய் திறந்திருக்கிறது, முகம் கறுக்கிறது, சத்தம் இல்லை. இதோ நடந்துவிட்டது, நான் சொன்னேனே, சொல்லிக்கொண்டே இருந்தேனே என்று உள்ளே ஒருவன் கத்துகிறான், அவன் கத்தி முடிப்பதற்குள் அவளைக் குப்புறத் திருப்பி முன்கையில் கிடத்தி, தலையைத் தாழ்த்தி முதுகில் தட்டிக்கொண்டிருந்தேன். எப்போது திருப்பினேன் என்று தெரியாது. கோகிலா செய்வதைப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். பால் கொட்டியது, மூச்சு இழுத்தாள், அழுதாள். அந்த அழுகையைப்போல ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. அவளை நிமிர்த்தித் தோளில் போட்டுக்கொண்டு, ஒன்னுமில்ல சாமி, ஒன்னுமில்ல தங்கம் என்று சொல்லிக்கொண்டே நடந்தேன். மீதிப் பாலையும் சொட்டுச் சொட்டாகக் கொடுத்து முடித்தேன். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தேன், என் நெஞ்சிலேயே தூங்கிப்போனாள்.

இப்போது நிம்மதி வரவேண்டும் அல்லவா? கை தவறியது, ஆனாலும் காப்பாற்றியது இதே கைதானே. இதைச் சொல்லிக்கொண்டேன். உடனே பதில் வந்தது. தட்டியதில் உள்ளே ஏதாவது உடைந்திருந்தால்? தூங்குகிறாளா, மயக்கமா? அவள் மூச்சு என் கழுத்தில் சூடாகப் பட்டது, பட்டதை நம்பாமல் அடுத்த மூச்சுக்குக் காத்திருந்தேன், அது வந்ததும் அதற்கடுத்ததற்கு. நான் தூங்கிவிட்டால் நழுவிவிடுவாள். இறுக்கிப் பிடித்தால் நசுங்குவாள். தோள் மரத்துப்போயிற்று, மூக்கில் அரிப்பு, சொறியவில்லை. சட்டைப்பையில் சாவி உறுத்தியது, அவள் கன்னத்தில் அதன் தடம் பதியுமே என்று இன்னொரு கவலை. ஜன்னலுக்கு வெளியே யார் வீட்டிலோ கறிக்குழம்பு கொதிக்கும் வாசனை. இது எத்தனை நாளைக்கு? இவள் தவழ்வாள், நடப்பாள், பள்ளிக்கூடத்துக்கு வண்டியில் கூட்டிப்போகச் சொல்வாள். ஒவ்வொரு வயதுக்கும் ஒவ்வொரு படம் காத்திருக்கும். எங்காவது போய்விடலாம். நான் இல்லாவிட்டால் இவளுக்கு ஆபத்தில்லை. இந்த எண்ணம் புதிது. மற்றதெல்லாம் குத்தும், இது குத்தவில்லை, மெத்தென்று இருந்தது. அதனால்தான் அதைப் பார்த்து நிஜமாகவே பயந்தேன்.

கோகிலா கதவைத் திறந்துகொண்டு வந்தபோது நான் அப்படியே இருந்தேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுவிட்டாள். சுடிதாரின் முன்பக்கம் பால் கட்டி நனைந்திருந்தது, வெயிலில் முகம் கறுத்திருந்தது. "அம்மா எங்கீங்க?" சொன்னேன். "அப்பாவுக்குத் தேவலையாமா?" போன் வரவில்லை என்றேன். நின்றபடியே அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டாள், அப்பா எழுந்து பேசுகிறாராம். அப்புறம்தான் என் நெஞ்சைப் பார்த்துச் சிரித்தாள். கல்யாணத்துக்குப் பிறகு நான் பார்த்த சிரிப்புகளில் பெரியது அதுதான். "உங்க மேலயே தூங்கறாளா? அம்மாகிட்ட எத்தன தடவ சொன்னேன், அவரு அப்படிப்பட்டவரு இல்லீனு." அங்கேயே விட்டிருக்கலாம். அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு ஒரு மாதம் ஓட்டியிருக்கலாம். ஆனால் மெத்தென்ற அந்த எண்ணம் இன்னும் அறையில்தான் இருந்தது.

"கோகிலா, எனக்குக் கெட்ட நெனப்பு வருது."

"என்ன நெனப்பு?"

"பாப்பாவ எதாச்சும் பண்ணிப்போடுவேன்னு. கை தவறி. இல்லாட்டி தவறாமயே. படம் படமா வருது. கத்தியத் தேடிட்டு இருந்தியே, நாந்தான் பரண்ல போட்டேன். அவள எடுக்காம இருந்ததும் அதுக்குத்தான். பொட்டப்புள்ளைன்னு இல்ல."

அவள் பையை மெதுவாகக் கீழே வைத்தாள். வந்து குனிந்து பிள்ளையை என்மேலிருந்து எடுத்தாள், பிள்ளையின் விரல் என் சட்டையில் சிக்கி ஒரு கணம் இழுபட்டது. எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய் எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். என் கை காலியாக நாற்காலியில் கிடந்தது. இதுதான் நியாயம், இதைத்தான் நானும் செய்வேன். கீழே தெருவில் யாரோ பழைய இரும்பு கேட்டுக்கொண்டு போனார்கள். அவள் திரும்பாமலே கேட்டாள். "பண்ணீருவீங்களா?"

"மாட்டேன்னுதான் நெனைக்கறேன். ஆனா உறுதியாத் தெரியலயே. அதான் சாவறேன்."

"எப்ப இருந்து?"

"லைன்ல இருந்தப்பவே. இவ பொறந்த பொறகு முத்திப்போச்சு. முதுகு வலியெல்லாம் இல்ல கோகிலா."

பிள்ளை விழித்து முண்டியது, அங்கேயே தரையில் உட்கார்ந்து பால் கொடுத்தாள். அழுகிறாளா என்று தெரியவில்லை. இன்றைக்குப் புரை ஏறியதைச் சொன்னேன். பாலைக் கொட்டியதைச் சொன்னேன். குடித்ததையும் சொன்னேன், அதற்கு மட்டும் திரும்பிப் பார்த்தாள். "இத்தனையும் வெச்சுக்கிட்டா தெனமும் என்ற பக்கத்துல படுத்திருந்தீங்க?" என்றாள். கோபம் இருந்தது, கோபம் முழுதும் என் மேல் இல்லை. "நாளைக்கு டாக்டருகிட்டப் போலாம். ஆபீசுக்கு லீவு சொல்லிருங்க. அம்மாவுக்கு நான் சொல்லிக்கறேன். இல்ல, இப்பச் சொல்ல வேண்டாம்." தன்னைத்தானே திருத்திக்கொண்டாள். பிறகு எழுந்தாள். உடம்பெல்லாம் பாலும் வியர்வையும், குளிக்காமல் நிற்க முடியவில்லை என்றாள். பிள்ளையைத் தொட்டிலில் போடப் போனாள், பாதியில் நின்றாள். தொட்டிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள். வந்து என் மடியில் வைத்தாள். வைத்த கையை உடனே எடுக்கவில்லை.

குளியலறைக் கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழும் சத்தம் வரவில்லை. ஒரு சொம்புத் தண்ணீர் விழுந்தது, நின்றது. அந்த நிசப்தத்தில் அவள் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. "இருக்கீங்களா?" என்றாள். இருக்கேன் என்றேன். மறுபடி ஒரு சொம்பு. மறுபடி நிசப்தம். எனக்கு வலிக்கும் என்று நினைத்தேன், வலிக்கவில்லை. மூன்று மாதமாக என்னை நான் ஒருவனே காவல் காத்தேன், இப்போது கதவுக்கு அந்தப் பக்கம் ஈரத்தோடு இன்னொருத்தி நிற்கிறாள். படம் வந்தது, அதே அருவாமனை. மகிழினி கொட்டாவி விட்டாள். "இருக்கீங்களா?" தண்ணீர் சொட்டும் சத்தம். "இருக்கேன்," என்றேன். "ரெண்டு பேரும் இருக்கோம்."